டாக்டரும் வக்கீலும் குடியிருந்த கோடை

என் அப்பாவுக்கு அம்பத்தூர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை. நான் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். உலகத்தில் மனிதர்கள் என்னென்ன வேலை செய்து பிழைக்கிறார்கள் என்பதை நைனா அந்தச் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். பால் கேனோடு வருகிறவர்கள், பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து பூக்கூடையை மாட்டு வண்டியில் கொண்டுவந்து ரயிலேற்றுகிறவர்கள், கோழியைக் காலைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு போகிறவர்கள், எல்லோரும் மூன்றாம் வகுப்புதான். அவர் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல் வகுப்பு டிக்கெட் கேட்டு வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் டாக்டர், இன்னொருவர் வக்கீல். இரண்டு பேருமே மீதிச் சில்லறையை எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். நைனா அதோடு முடிவுகட்டிவிட்டார். படித்தவர்களுக்கு உலகத்தில் இருப்பது இரண்டு தொழில். தன்னுடைய ஒரே பெண் அந்த இரண்டில் ஒன்றைச் செய்யப்போகிறாள்.

அதிலிருந்து வேலை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்.

"இன்னா கண்ணு, டாக்டரா, வக்கீலா? யோசிச்சியா?"

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வரிசையில் நிற்கிறவரைக் கேட்கிற குரலிலேயே கேட்பார். எனக்குப் பின்னால் நூறு பேர் காத்திருப்பது போல இருக்கும். நான் அவர் கழற்றிய செருப்பை எடுத்து ஓரமாக வைப்பேன்.

"சரி, நாளைக்குச் சொல்லு" என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

எந்தத் தொழில் என்பது முடிவாகாவிட்டாலும், கல்லூரிக்குப் பணம் சேர்ப்பது மட்டும் மும்முரமாக நடந்தது. நைனா மூக்குப்பொடியை விட்டார். சவரக்காரரை விட்டுவிட்டுத் தானே சவரம் செய்துகொண்டு, கன்னத்தில் பிளாஸ்திரியோடு டிக்கெட் கொடுத்தார். குழம்பில் பருப்பு குறைந்தால் அம்மா என்னைப் பார்த்து, "உன் காலேஜு தாண்டி இது, முழுங்கு" என்பாள். இப்படிச் சேர்ந்ததையெல்லாம் நைனா ஒரு சீட்டுக்காரரிடம் கட்டிவந்தார். அந்தச் சீட்டுக்காரர் ஒரு நாள் நைனாவிடமே ரேணிகுண்டாவுக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டு, ஊரைவிட்டே ஓடிப்போனார். போலீஸ்காரர் வந்து விசாரித்தபோது நைனா, "சில்லறை கரெக்டா குடுத்தாரு சார். நான் இன்னான்னு சந்தேகப்பட முடியும்?" என்றார்.

அது நடந்த மறு வருடம் நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். கையில் காசில்லை. அப்போதுதான் ஜப்பான்காரன் எங்களுக்கு உதவிக்கு வந்தான்.

கடற்கரை ஊர்களில் குண்டு விழுந்தது என்றும், அடுத்தது பட்டணம்தான் என்றும் பேச்சு பரவி, பட்டணம் அப்படியே காலியாகத் தொடங்கியது. அம்பத்தூரில் நின்ற ஒவ்வொரு வண்டியிலிருந்தும் ஜனங்கள் கொட்டினார்கள். டிரங்குப் பெட்டி, அம்மிக்கல், தையல் மிஷின், பறவைக் கூண்டு என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் தூக்கிக்கொண்டு வந்து, "இங்கே வாடகைக்கு வீடு கிடைக்குமா?" என்று முதலில் கண்ணில் பட்டவரைக் கேட்டார்கள். முதலில் கண்ணில் பட்டவர் நைனா.

எங்களுக்கு ரயில் பாதையை ஒட்டி ஓட்டு வீடு ஒன்று இருந்தது. முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, சமையலறை, பின்கட்டில் மாட்டுக் கொட்டகை. இரண்டு அறைகளையும் வாடகைக்கு விட்டுவிட்டு நாங்கள் கொட்டகைக்குப் போய்விடலாம் என்று நைனா சொன்னார்.

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "ஊடு நம்பள்து. நம்ப போய் மாட்டாண்ட படுத்துக்கினு கெடக்கணுமா?"

"நாலு மாசம்தான். ஏசுநாதரே மாட்டுக் கொட்டாயில பொறந்தவரு."

"பொறந்தாரு. வாடகைக்கு உட்டுட்டா போய்ப் பொறந்தாரு?"

ஆனாலும் நைனாதான் ஜெயித்தார். அடுத்த நாளிலிருந்து அவர் பிளாட்பாரத்தில் நின்று குடித்தனக்காரர்களைப் பொறுக்க ஆரம்பித்தார். மாப்பிள்ளை பார்ப்பதுகூட அவ்வளவு கறாராக நடந்திராது. ஒரு நகைக் கடைக்காரர் கேட்டதற்கு மேலேயே வாடகை தருவதாகச் சொல்லியும் வேண்டாம் என்றுவிட்டார். அம்மா சண்டை பிடித்தபோது, "நகைக் கடைக்காரன் நம்ப ஊட்ல குந்திக்கினு இருந்தா பொண்ணு அவனப் பார்த்து இன்னாத்த கத்துக்கும்?" என்றார். அப்போதுதான் அவருடைய முழுத் திட்டமும் எங்களுக்குப் புரிந்தது. வாடகையும் வரவேண்டும், தொழிலும் முடிவாக வேண்டும். ஒரு அசல் டாக்டரையும் ஒரு அசல் வக்கீலையும் வீட்டிலேயே குடிவைத்து, நான் இருவரையும் பக்கத்திலிருந்து பார்த்து, எது பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வாரத்தில் இரண்டு பேரையும் பிடித்துவந்துவிட்டார்.

வக்கீல் முன்னறைக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். மனைவியைத் திருத்தணியில் அவள் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக வந்திருந்தார். டாக்டர் பின்னறைக்கு வந்தார். அவர் கல்யாணமாகாத அம்மாள். பட்டணத்தில் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் வெகுகாலம் வேலை பார்த்தவர். கொண்டுவந்தது ஒரு பெட்டியும் இரண்டு தலையணையும். இரண்டு அறைக்கும் நடுவில் அம்மா தன் பழைய புடவை ஒன்றைத் திரையாகக் கட்டினாள்.

"கண்ணு, நாளைலேர்ந்து டாக்டரம்மா கதவாண்ட குந்திக்கோ. அவங்க இன்னா செய்றாங்கன்னு நல்லா கவனி" என்றார் நைனா.

நான் உட்கார்ந்து கவனித்தேன். டாக்டரம்மா தூங்கினார். மறுநாளும் தூங்கினார். சாப்பிட எழுந்து, சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினார். வீட்டை ஒட்டி ரயில்கள் கூரை ஓடுகளைக் குலுக்கிக்கொண்டு போகும். அவர் புரண்டுகூடப் படுக்கமாட்டார். ஆனால் யாராவது வாசலில் மெல்லிய குரலில் "டாக்டரம்மா" என்றால் போதும், சட்டென்று எழுந்து உட்கார்ந்து, "வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?" என்று கேட்பார். கண் மூடியே இருக்கும்.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ அவரே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். "எந்தக் குழந்தையும் நான் தூங்கி எழுந்திருக்கறவரைக்கும் பொறுத்துப் பொறந்ததில்லைம்மா. குண்டு விழுமோ விழாதோ எனக்குத் தெரியாது. நான் தூங்கறதுக்காகத்தான் பட்டணத்தைவிட்டு ஓடிவந்தேன். இங்கே நான் டாக்டர்னு யாருக்கும் தெரியக்கூடாது. கேட்டா, பாட்டு டீச்சர்னு சொல்லிடு."

நைனாவுக்கு இது பெரிய இடி. தன் வீட்டில் டாக்டர் குடியிருக்கிறார் என்று பெருமையடிக்கத் துடித்துக்கொண்டிருந்தவர், வாயை மூடிக்கொண்டு திரியவேண்டியதாயிற்று. ஆனால் வாடகை கொடுக்கிறவர் சொல்லைத் தட்ட முடியாது. "பாட்டு டீச்சர்" என்று ஊரில் சொல்லிவைத்தார்.

அந்தச் செய்தி எங்கள் சபைக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், கோயிலில் சும்மா கிடந்த ஆர்மோனியத்தை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வீட்டு வாசலில் இறக்கினார்கள். பின்னாலேயே எட்டுப் பத்துச் சின்னப் பெண்கள், அவர்களுடைய அம்மாமார்கள். டாக்டரம்மா திரைக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

எனக்கு ஆர்மோனியத்தில் ஏழெட்டுக் கீர்த்தனை வாசிக்கத் தெரியும். ஆகவே நான் வாசித்துப் பெண்களைப் பாடவைத்தேன். டாக்டரம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் தலை இப்படியும் அப்படியும் ஆடும். தூக்கத்தில் ஆடுகிறது என்று எனக்குத் தெரியும். அம்மாமார்களுக்குத் தெரியாது.

"பாட்டுல எப்பிடி லயிச்சிப் போயிட்டாங்க பாரு" என்பாள் ஒருத்தி.

"நம்ப புள்ளைங்க பாடறது அவ்ளோ நல்லாவா கீது?" என்று இன்னொருத்தி ஆச்சரியப்படுவாள்.

சம்பளமாக முட்டை, அரிசி, சில சமயம் காசு வரும். டாக்டரம்மா அதைத் தொடமாட்டார். அம்மா எடுத்து, காலேஜுக்கு என்று தனியாக வைத்தாள்.

வக்கீலின் கதை இதற்கு நேர் எதிர். அவருக்குத் தூக்கமே இல்லை. கோர்ட்டு இல்லை, கட்சிக்காரர் இல்லை, எதிர்க்கட்சியும் இல்லை. காலையில் சட்டை, கோட்டு எல்லாம் போட்டுக்கொண்டு முன்னறையில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு எங்கள் சேவல்மீது வழக்குத் தொடுத்தார்.

அது நைனா பெயருக்கு ரிஜிஸ்டர் தபாலில் வந்தது. வக்கீல் போஸ்டாபீசு வரைக்கும் நடந்துபோய்க் காசு கட்டி அனுப்பியிருந்தார். தபால்காரர் கொண்டுவந்தபோது வாசலில் நின்றிருந்ததும் வக்கீல்தான். "உமக்கு ஏதோ நோட்டீஸ் வந்திருக்கு போலிருக்கே" என்று நைனாவைக் கூப்பிட்டார்.

மேற்படி வீட்டின் மேற்படி சேவலானது சூரியோதயத்துக்கு வெகு முன்னதாகவே கூவி, மேற்படி வாடகைதாரரின் நித்திரைக்குப் பங்கம் விளைவிக்கிறபடியால், வாடகையில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ள வேண்டியது என்று எழுதியிருந்தது.

நைனா அதை இரண்டு தடவை படித்தார். அப்புறம் முகம் மலர்ந்தது. "பாத்தியா கண்ணு! வக்கீல்னா இதான்! இதுக்கு நீ பதில் எழுது. பழக்கமாவும்."

எனக்கு என்ன தெரியும்? உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, வேறு வக்கீல் யாரும் அக்கம்பக்கத்தில் இல்லாததால், அவரிடமே போய் நின்றேன்.

"மாமா, எங்க நைனாவுக்கு ஒரு நோட்டீஸ் வந்திருக்கு. அதுக்கு எப்படிப் பதில் எழுதறதுன்னு தெரியல."

அவர் கையை நீட்டி வாங்கி, முதல் தடவை பார்ப்பது போல மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தலையை ஆட்டினார். "பலவீனமான நோட்டீஸ். எவன் எழுதினான் இதை? எடு பேனாவை."

நடந்துகொண்டே சொன்னார், நான் எழுதினேன். மேற்படி சேவல், மேற்படி வாடகைதாரர் வருவதற்கு முன்பிருந்தே மேற்படி இடத்தில் குடியிருந்து கூவிவருவதால், பின்னால் வந்தவர்தான் அனுசரித்துப் போகவேண்டும். மேலும், எதிரி விமானம் வந்தால் குடியிருப்போரை எழுப்பிவிட வேறு ஏற்பாடு எதுவும் இல்லாத நிலையில், மேற்படி சேவலின் சேவையை வாடகைதாரர் இலவசமாக அனுபவித்துவருகிறார். அதற்குரிய கட்டணத்தை அவர் வாடகையோடு சேர்த்துச் செலுத்தக் கடமைப்பட்டவர்.

"மாமா, இது உங்களுக்கே பாதகமா இருக்குதே" என்றேன்.

"கட்சிக்காரர் பேசக்கூடாது" என்றார்.

அந்தப் பதிலை நானும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். மறுநாள் அதைப் பிரித்துப் படித்துவிட்டு அவர் போட்ட கூச்சலில் ஆர்மோனியம் நின்றுவிட்டது. "என்ன திமிர்! சேவலுக்குக் கட்டணமா? யார் கொடுத்த தைரியம் இது?" என்று கொட்டகை வாசலுக்கே வந்துவிட்டார். நைனா மாட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். வக்கீல் வெகுநேரம் கத்தினார். பிறகு அந்தக் காகிதத்தை மறுபடி படித்தார். முகம் தொங்கிப்போயிற்று.

"சட்டப்படி எனக்குப் பதில் இல்லை" என்று சொல்லி, அந்த மாதத்திலிருந்து சேவலுக்கும் சேர்த்து வாடகை கொடுத்தார்.

இதற்குப் பிறகு நோட்டீசுகள் வாராவாரம் வந்தன. கிணற்றுச் சகடையின் கீச்சுச் சத்தம், அம்மா மீன் வறுக்கும் வாசனை, பசு இவரை முறைத்துப் பார்ப்பது என்று ஒன்று மாற்றி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் அவரே எனக்குப் பதில் சொல்லிக்கொடுத்து, அவரே தோற்றார். மனிதர் கொஞ்சம் சதைபோட்டார்கூட.

எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபம் அந்தக் கோடையில் விநோதமாக மாறிவிட்டது. கொட்டகையில் பசுவுக்குப் பக்கத்தில் மூன்று பேரும் முழங்கால் போட்டதும் நைனா உருக்கமாக வேண்டுவார். "கர்த்தாவே, பட்டணத்துமேல குண்டு விழாம காப்பாத்தும். ஆனா விழும்கிற பயம் மட்டும் காலேஜ் தொறக்கறவரைக்கும் ஜனங்களாண்ட இருக்கட்டும்."

அம்மா "ஆமென்" சொல்லமாட்டாள். நான் சொல்வேன். பட்டணத்து ஜனங்கள் எல்லாம் பட்டணத்தைவிட்டு ஓடிவர, அவர்கள் கொடுக்கிற வாடகையைச் சேர்த்துவைத்துக்கொண்டு நான் அந்தப் பட்டணத்துக்குப் போகக் காத்திருந்தேன். இதில் ஏதோ கோணல் இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

வக்கீல் கொல்லையில் ஒரு பதுங்கு குழி வெட்டவைத்தார். ஆள் உயரம் இறங்கவேண்டும், ஒரு பக்கம் சரிவு, மறு பக்கம் அடைப்பு. ரயில்வே கேட்டில் இருந்த கேட்காரரிடமும் பேசிவைத்தார். விமானச் சத்தம் கேட்டால், கேட்டில் தொங்கும் தண்டவாளத் துண்டை அவர் விடாமல் அடிக்கவேண்டும்.

ஒரு நாள் முற்பகல், பாட்டு வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது கணகணவென்று தண்டவாளம் அடித்தது. பாதையில் ஆடுகள் ஏறிவிட்டன என்று கேட்காரர் ஆட்டுக்காரனை எச்சரிக்க அடித்தார் என்பது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அப்போது யாருக்கு யோசனை வந்தது? வக்கீல் கோட்டோடு முதலில் ஓடிக் குழியின் அடைப்புக் கோடியில் போய் உட்கார்ந்துகொண்டார். பெண்களும் அம்மாமார்களும் கொல்லைக்கு ஓடிக் குழியின் விளிம்பில் முண்டியடித்தார்கள்.

"எல்லாம் வாங்க, எறங்குங்க!" என்று வக்கீல் உள்ளேயிருந்து கத்தினார்.

அம்மா மட்டும் கொட்டகையை விட்டு வரவில்லை. பசு நிறைசினை. "அத்த உட்டுட்டு நான் மட்டும் குழியில போய்க் குந்தறதா?" என்று கயிற்றை அவிழ்த்து அதையும் ஓட்டிக்கொண்டு வந்தாள். சரிவில் இறங்கிய பசு பாதியில் சறுக்கி, உள்ளே போய் அப்படியே படுத்துவிட்டது. குழி அடைந்துபோயிற்று. படுத்த வேகத்தில் அதற்கு வலி கண்டுவிட்டது. தலைப் பக்கம் வக்கீல், வால் பக்கம் நாங்கள்.

"என் வழியை மறிச்சுக்கிட்டிருக்கு!" என்றார் வக்கீல்.

பசு வலியில் அலறியது. பனிக்குடம் உடைந்து, ஒரே ஒரு குளம்பு வெளியே தெரிந்தது. வேறு எதுவும் வரவில்லை. பசு முக்கி முக்கிக் களைத்துப்போயிற்று. அம்மா வாயில் அடித்துக்கொண்டாள். நான் வீட்டுக்குள் ஓடினேன். இத்தனை களேபரத்திலும் நாற்காலியில் தலை ஆட்டிக்கொண்டிருந்தவரின் காதருகே குனிந்து, "டாக்டரம்மா" என்றேன்.

"வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?" என்று எழுந்துகொண்டார். குழி வாசலில் வந்து நின்ற பிறகுதான் கண்ணைத் திறந்தார். திறந்து பார்த்துவிட்டு, "ஐயோ, இது மாடு" என்றார்.

ஆனாலும் இறங்கிவிட்டார். வெள்ளைப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்கைவரை நல்லெண்ணெய் தடவி, உள்ளே தொட்டுப் பார்த்தார். "ஒரு கால் மடங்கிக் கிடக்கு. என் கை தடிச்ச கை, போகமாட்டேங்குது. உன் கையைக் காட்டு."

என் கையைத் திருப்பிப் பார்த்தார். எண்ணெயை ஊற்றினார். "பயப்படாதே. நான் சொல்றபடி செய். அது முக்கும்போது சும்மா இரு. விடும்போது உள்ளே போ."

கையை நுழைத்தேன். உள்ளே அவ்வளவு சூடாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பசு முக்கியபோது என் கை எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது. விட்டதும் இன்னும் கொஞ்சம் போனேன். ஒரு முழங்கால், அதற்குக் கீழே மடங்கிய காலின் முனை. "குளம்பை உன் உள்ளங்கையில மூடிக்கோ. அது உள்ளே கிழிச்சிடக்கூடாது. மூடிக்கிட்டே மெதுவா முன்னால கொண்டா" என்று டாக்டரம்மாவின் குரல் என் காதருகே கேட்டது. குளம்பு வழுக்கியது. மறுபடி பிடித்தேன். பிடித்த கைக்குள் அது தானாக ஒரு தடவை உதைத்தது. உயிரோடு இருக்கிறது! நான் பிடியை விடவில்லை.

அந்தக் கோடியில் வக்கீல் பசுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "பயப்படாதேம்மா, நான் இருக்கேன், உன் பக்கம்தான் நான்" என்று அதன் கொம்பைத் தடவிக்கொண்டிருந்தார். மாதக் கணக்கில் கிடைக்காத கட்சிக்காரர் கிடைத்துவிட்டது போலிருந்தது அவருடைய குரல்.

தகவல் தெரிந்து நைனா ஜன்னலைச் சாத்திவிட்டு ஓடிவந்தார். டிக்கெட் வாங்க வரிசையில் நின்றவர்களும் அவர் பின்னாலேயே வந்துவிட்டார்கள். குழியின் விளிம்பில் நின்று கத்தினார்.

"பாத்துக்க கண்ணு! நல்லா பாத்துக்க! டாக்டர்னா இதான்!"

இரண்டு குளம்பும் ஒன்றாக வந்தன. டாக்டரம்மாவும் நானும் அம்மாவும் சேர்ந்து இழுத்தோம். கன்றுக்குட்டி வழுக்கிக்கொண்டு வந்து என் மடியில் விழுந்தது. மூக்கைத் துடைத்ததும் தும்மியது. மேலே நின்ற கூட்டம் கைதட்டியது.

டாக்டரம்மாவின் ரகசியம் அன்றோடு வெளிப்பட்டுவிடும் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் பாட்டு வகுப்பு அம்மாமார்களில் ஒருத்தி, "பாட்டு டீச்சருக்கு இதெல்லாங்கூடத் தெர்து பாரேன்" என்றாள்.

"பட்டணத்துல எல்லாம் சேத்துத்தான் கத்துக் குடுப்பாங்க" என்றாள் இன்னொருத்தி.

அடுத்த வாரம் பாட்டு வகுப்பில் மேலும் ஆறு பெண்கள் சேர்ந்தார்கள்.

நைனாவுக்கோ குழப்பம் முற்றிவிட்டது. நோட்டீசுகளுக்கு நான் எழுதிய பதில்களை வைத்துப் பார்த்தால் வக்கீல். கன்றை வைத்துப் பார்த்தால் டாக்டர். அவரால் முடிவுக்கு வர முடியவில்லை. அப்போது வக்கீல் ஒரு யோசனை சொன்னார். விசாரணை வைத்துவிடலாம். நைனாதான் நீதிபதி.

ஒரு ஞாயிறு மாலை கொல்லையில் வீட்டிலிருந்த ஐந்து பேரும் கூடினோம். நைனா முக்காலியில் உட்கார்ந்தார். வக்கீல் தன் தொழிலுக்காக வாதாடுவார் என்று நாங்கள் நினைத்தோம். அவர் எழுந்து, "கனம் நீதிபதி அவர்களே, இந்தப் பெண் டாக்டருக்குத்தான் படிக்கவேண்டும்" என்று ஆரம்பித்தார்.

டாக்டரம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தார். "அதெல்லாம் முடியாது. பொண்ணு வக்கீலுக்குத்தான் படிக்கணும்."

"அம்மா, நான் வக்கீல். அந்தத் தொழில் எனக்குத் தெரியும். ஒரு சண்டை முடிஞ்சா எனக்குச் சோறு இல்லை. சண்டை முடியக்கூடாதுன்னு தினம் வேண்டிக்கிற பொழைப்பு அது."

"நான் டாக்டர். எனக்கு அந்தத் தொழில் தெரியும். ராத்திரியில கதவு தட்டறதே இல்லாத தொழில் ஏதாவது இருந்தா, அதுக்குத்தான் அவளை அனுப்பணும்."

நைனா இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ டாக்டரு வக்கீலுக்குன்றாரு, வக்கீலு டாக்டருக்குன்றாரு. நான் இன்னா செய்யறது?"

வக்கீல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசினார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. குழிக்குள் அடைபட்டிருந்த நேரத்தைச் சொன்னார். அத்தனை பேர் இருந்தும், சட்டம் முழுதும் தெரிந்த தான் இருந்தும், ஒரு குளம்பை நேராக்க இந்தப் பெண்ணின் கைதான் வேண்டியிருந்தது என்றார். நைனா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எதிர்க்கட்சி பதில் சொல்லலாம்" என்று வக்கீல் உட்கார்ந்தார்.

எதிர்க்கட்சி தூங்கிவிட்டிருந்தது.

"ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்புச் சொல்லலாம்" என்றார் வக்கீல்.

நைனா தீர்ப்புச் சொல்ல வாயெடுத்தார். அப்போது அம்மா, கன்றுக்குப் புல்லைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமலே கேட்டாள். "அவள யாராவது கேட்டீங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை வருடம் "டாக்டரா, வக்கீலா" என்று கேட்டபோது, எனக்கு அது இரண்டு டிக்கெட்டில் ஒன்றைக் கேட்பது போலத்தான் இருந்தது. அன்றைக்கு அப்படி இல்லை. "உள்ள அது உதைச்சுது நைனா. என் கையில உதைச்சுது. இன்னொரு தடவை அத்த தொட்டுப் பாக்கணும்" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"டாக்டர்தான்" என்றார் நைனா.

ஆனி மாதம் வருவதற்குள் பயம் தணிந்துவிட்டது. நைனாவின் ஜெபம் கிட்டத்தட்ட நாள் பிசகாமல் நிறைவேறிற்று. பட்டணத்து ஜனங்கள் அம்மிக்கல்லையும் பறவைக் கூண்டையும் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். டாக்டரம்மா போகிற அன்று, இரண்டு தலையணையில் ஒன்றை எனக்குக் கொடுத்து, "கிடைக்கிறப்போ தூங்கிக்கோ" என்றார். வக்கீல் பசுவிடம் தனியாகப் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தார். அம்மா அன்றைக்கே முன்னறையைக் கழுவிவிட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டு நடுப்பகலில் படுத்து உருண்டாள்.

சேர்ந்த பணம் கல்லூரிக்கும் விடுதிக்குமாக முதல் வருடத்துக்குப் போதுமானதாக இருந்தது. டாக்டர் படிப்புக்கு முன்னால் படிக்கவேண்டிய இன்டர்மீடியட்டுக்காகப் பெண்கள் கல்லூரி ஒன்றில் என்னை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். நைனா லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். ஆண்களை உள்ளே விடமாட்டார்கள் என்பதால், கட்டுச்சோற்றோடு வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

கல்லூரித் தலைவி சீமையிலிருந்து வந்த வயதான அம்மாள். தமிழ் நன்றாகவே பேசுவார், ஆனால் எல்லாவற்றையும் பைபிளில் வருகிற தமிழில் பேசுவார். "குமாரத்தியே, நீ விஞ்ஞானப் பிரிவை வாஞ்சிப்பது ஏன்?" என்று கேட்டார். கல்வியின் சிறப்பைப் பற்றி ஒரு பதிலை நைனா என்னை மனப்பாடம் செய்யவைத்திருந்தார். அதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. நான் பதுங்கு குழியிலிருந்து ஆரம்பித்தேன். ஆடுகள், தண்டவாளம், வக்கீல், நல்லெண்ணெய், குளம்பு என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கையிலிருந்த பேனாவை மூடிவைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார்.

"அந்தக் கன்று ஜீவித்திருக்கிறதா?"

"இருக்குதுங்கம்மா."

"ஆணோ, பெண்ணோ?"

"பொண்ணுங்க."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று எழுந்து, என் கையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வந்து சேர்ந்துகொள்ளச் சொன்னார்.

வெளியே வந்தபோது நைனா சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா கேட்டாங்க?"

"கன்னுக்குட்டி ஆணா, பொண்ணான்னு கேட்டாங்க நைனா."

"நீ இன்னா சொன்னே?"

"பொண்ணுன்னேன்."

நைனா கொஞ்ச நேரம் கல்லூரிக் கட்டடத்தையே அண்ணாந்து பார்த்தார். "பட்டணத்துக் காலேஜுன்னா சும்மாவா?" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, புளிச்சோற்றைப் பிரித்து, பெரிய பங்கை என் பக்கம் தள்ளினார். எனக்கு நல்ல பசி.